பெயரின் வாலைப் பிடித்துக் கூப்பிடுகிறவர்கள்

2015 ஜனவரி 17. பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரில் விடாத மழை, பக்கத்தில் வந்துவிட்ட புயல். 78 வயது போப் பிரான்சிஸ் திருப்பலி உடைக்கு மேல் மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மேடையில் நின்றார். எதிரே சேற்றில் நின்ற கூட்டமும் அதே மஞ்சள் கோட்டில்தான் இருந்தது. 2013 நவம்பரில் வந்த சூறாவளி 6,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. அதில் மிக மோசமாக அடிபட்ட ஊர் அது. பிழைத்தவர்களைப் பார்க்கத்தான் ரோமிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்தார். வந்த ஐந்து நாளுக்குள் அவருக்கு அந்த நாட்டில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது: லோலோ கீகோ.

லோலோ என்றால் தாத்தா. கீகோ?

பிரான்சிஸ்தான். அந்தப் பெயரில் கீயும் இல்லை, கோவும் இல்லையே என்று தோன்றும். ஸ்பானிய வடிவத்தில் சொல்லிப் பாருங்கள்: பிரான்சிஸ்கோ. இதில் அழுத்தம் விழுவது கடைசிக்கு முந்தைய அசையில். பிரான்-சிஸ்-கோ. பேசக் கற்கும் குழந்தையின் காதில் பலமாக விழும் அசையும் அதற்குப் பின்னால் வருவதும்தான் தங்கும், முன்னால் இருப்பது உதிர்ந்துவிடும். மிச்சம் சிஸ்-கோ. அடுத்தடுத்த இரண்டு அசைகளில் இரண்டு வேறு மெய்யெழுத்துகளை உச்சரிப்பது சின்ன வாய்க்குச் சிரமம். பின்னால் வரும் ககரம் முன்னால் இருக்கும் சகரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சிகோ கீகோ ஆகிறது. உலகம் முழுக்கக் குழந்தைகளின் பேச்சில் இந்த இழுப்பைப் பார்க்கலாம். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள், நாலைந்து கீகோக்கள் அகப்படும்.

கீகோ ஸ்பெயினிலேயே இருந்த செல்லப்பெயர்தான். பிலிப்பைன்ஸ்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. 333 ஆண்டு ஸ்பானிய ஆட்சியில் பெயர்களோடு அவற்றைச் சுருக்கும் வழியும் கூடவே வந்து இறங்கியது. ஆனால் அதை வைத்து அவர்கள் நடத்தியிருக்கும் கூத்து முழுக்க அவர்களுடையது.

ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் பெயரின் தலையைப் பிடிப்பவர்கள். தாமஸ் டாம் ஆவார், ராபர்ட் ராப் ஆவார். நாம் இரண்டையும் செய்வோம், சுப்பிரமணியன் ஒரு வீட்டில் சுப்பு, இன்னொரு வீட்டில் மணி. பிலிப்பைன்ஸில் பிடிப்பது அநேகமாக வாலை. விசென்தே என்றால் என்தெங். எமிலியோ என்றால் மியோங். நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் எமிலியோ அகினால்டோவை ஊரில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சல்வடோர் என்பதில் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது, அதனால் அது டோய். மணிலாவின் மேயர் பிரான்சிஸ்கோ டொமகோசோவை அந்தப் பெயரில் தேடினால் ஊர்க்காரர்களே யோசிப்பார்கள். அவர் இஸ்கோ மொரேனோ. அதே பிரான்சிஸ்கோதான், இங்கே வேறு மாதிரி நறுக்கியிருக்கிறார்கள்.

இந்தச் சுருக்கும் யந்திரம் எத்தனை சுற்று ஓடும் என்பதற்கு அக்கினோ குடும்பத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. தாத்தா, அப்பா, பேரன் மூவருக்கும் பெனிக்னோ என்று ஒரே பெயர். வீட்டில் குழம்பிப்போகாதா? அப்பாவுக்கு ‘பெ’யை வெட்டிவிட்டு, நடுவில் இருந்த ககரத்தையும் விழுங்கி, வாலில் ஒரு யகரம் சேர்த்து நினோய் ஆக்கினார்கள். பேரன் பிறந்ததும் நினோயின் வாலை, அதாவது நோயை, இரட்டித்து நோய்நோய் என்றார்கள். (தமிழில் படிக்கும்போது சங்கடமாக இருக்கிறது, அதற்கு அவர்கள் பொறுப்பில்லை.) 2010இல் அவர் குடியரசுத் தலைவரானார். ஆங்கிலத்தில் தலைவர் பதவிக்கான சொல்லின் முதலெழுத்து பகரம். அதை முன்னால் ஒட்டி பி-நோய் என்றார்கள். சொல்லும்போது அது பினோய் என்று ஒலிக்கும், பினோய் என்றால் பிலிப்பைன்ஸ்காரர். நாட்டின் பெயரையே தன் பெயரில் வைத்துக்கொண்டு ஆறு ஆண்டு ஆட்சி நடத்தினார். அவருடைய அப்பா 1983இல் மணிலா விமான நிலையத்தில் இறங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டவர். 1987 முதல் அந்த விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். பெனிக்னோ அக்கினோ பன்னாட்டு விமான நிலையம் என்றா வைத்தார்கள்? இல்லை, நினோய் அக்கினோ பன்னாட்டு விமான நிலையம். அம்மா கூப்பிட்ட பெயர் போர்டிங் பாஸில் அச்சாகிறது.

பினோய் என்ற சொல்லே இதே யந்திரத்தில் பிறந்ததுதான். பிலிப்பினோவின் வாலான பினோவை எடுத்து யகரம் சேர்த்தால் பினோய். 1920களில் அமெரிக்காவுக்குக் கூலி வேலைக்குப் போன பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்களைத் தாங்களே அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளைக்கார அமெரிக்கர் வந்தால் அமெரிக்கானோவின் தலையைக் கொய்து கானோ என்பார்கள். கலப்புச் சாயல் உள்ளவர் மெஸ்தீசோ, அதன் வால் தீசோய். ஆக உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர், இரண்டும் கலந்தவர் என்று எல்லோருக்கும் ஒரே கத்தரிக்கோல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்களைப் பார்த்து ‘ஹேய் ஜோ’ என்று கத்திப் பழகியவர்கள், பிறகு வந்த எந்த வெள்ளைக்காரரையும் ஜோ என்றே கூப்பிட்டார்கள். அவர் ஜெர்மானியராக இருந்தாலும் ஜோதான்.

வாலில் யகரம் ஒட்டுவது ஒரு வகை. இன்னொன்று ‘ங்’. ஸ்பானியச் சொற்கள் பொதுவாக ‘ங்’ ஒலியில் முடிவதில்லை. உள்ளூர் மொழியான தகலோக்கிலோ அது தாராளமாக உண்டு. ஸ்பானியப் பெயரை வெட்டி ஒரு ‘ங்’கை மாட்டிவிட்டால் ஆள் உள்ளூர்க்காரராகிவிடுகிறார். மனுவேல் மனிங் ஆவார், எதுவார்தோ தண்டிங் ஆவார், ரமோன் மொன்சிங் ஆவார்.

மனிதர்களோடு நிற்கவில்லை. 1963இலிருந்து பிலிப்பைன்ஸ் வானிலைத் துறை (இப்போது அதன் பெயர் பகாசா) தன் எல்லைக்குள் வரும் புயல்களுக்குத் தானே பெயர் வைத்துவருகிறது. உலகம் முழுக்க வேறொரு பெயர் வழங்கினாலும் சரி, அந்தக் கடலுக்குள் நுழைந்தால் உள்ளூர்ப் பெயர்தான். முதல் பல ஆண்டுகளில் அந்தப் பட்டியலே ‘ங்’கில் முடியும் பெண் செல்லப்பெயர்களால் ஆனது: பிசிங், கிளாரிங், லோலெங், ரீத்தாங், சூசாங். 1970 நவம்பரில் மணிலாவைப் புரட்டிப்போட்ட சூறாவளிக்குப் பன்னாட்டுப் பெயர் பேட்சி. மணிலாக்காரர்களுக்கு அது யோலிங். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவது போன்ற பெயர். பெயர் அறிமுகமானதாக இருந்தால் எச்சரிக்கை நினைவில் நிற்கும் என்பது ஒரு காரணம். பட்டியல் 2001இல் மாறியது, ஆனால் ‘ங்’ முற்றிலும் போகவில்லை. தக்லோபானில் போப்பை நனைத்த புயலுக்கு உள்ளூர்ப் பெயர் அமாங்.

மூன்றாவது வித்தை இரட்டித்தல். தகலோக் இலக்கணமே இரட்டித்தலில் ஓடுவது. அராவ் என்றால் நாள், அராவ்-அராவ் என்றால் தினமும். ஹாலோ என்றால் கலப்பது. ஐஸைச் சீவிப்போட்டு பயறு, பழம், பால் எல்லாம் கலந்து தரும் இனிப்புக்குப் பெயர் ஹாலோ-ஹாலோ. நம் சலசல, கலகலவைப் போல அது சத்தத்துக்கு மட்டும் உள்ளதில்லை. சொல்லின் பொருளையே மாற்றும். ஆகவே மனிதர்களையும் இரட்டித்தார்கள். ஜுன்ஜுன், லெங்லெங், திங்திங். இப்போதைய குடியரசுத் தலைவர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ஜூனியர் ஊருக்குப் போங்போங். திரைப்பட நடிகர் ஒருவர் டிங்டோங் டான்டெஸ். சாட்சாத் அழைப்புமணிதான். அசல் பெயர் ஹோசே சிக்ஸ்தோ ரஃபேல் கொன்சாலெஸ் டான்டெஸ், அதிலும் மூன்றாமவர். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிடுவார்கள்.

டிங்டோங் இருக்கிறது, டோங்டிங் ஏன் இல்லை? ஒலியை இரட்டித்து உயிரை மட்டும் மாற்றும்போது பல மொழிகளிலும் இகரம் முன்னால் வந்து அகர ஒகரங்கள் பின்னால் வருகின்றன. பிங்பாங், டிக்டாக், ஜிக்ஜாக் எல்லாம் அந்த வரிசைதான். நாக்கு மேலே முன்பக்கம் எழும்பிப் பிறகு கீழே இறங்குவது காதுக்கு ஒழுங்காகப் படுகிறது.

வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் மணிலாவுக்கு வந்தால் எழுதாமல் போகாத விஷயம் பாய், பேபி என்ற பெயர்கள். வீட்டில் ஒரே பையன் என்றால் பாய். அறுபது வயதானாலும் பாய். தொலைக்காட்சியில் பெரிய பெரிய ஆட்களைப் பேட்டி காணும் பாய் அபுண்டா 1955இல் பிறந்தவர், அவரை எல்லோரும் கூப்பிடுவது டீட்டோ பாய், அதாவது பாய் மாமா. இதில் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு எந்த முரணும் தெரிவதில்லை. நமக்கும் தெரியக் கூடாது. தம்பிதுரை என்ற பெயருடன் தாத்தாவானவர்கள் நம்மிடம் எத்தனை பேர்.

சரி, இவ்வளவு செல்லப்பெயர்கள் எதற்கு? அசல் பெயர்கள் ஆளை அடையாளம் காட்டுவதில்லை என்பது ஒரு காரணம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்கள் புனிதர்களின் பட்டியலிலிருந்து வந்தன. தெருவுக்குப் பத்து மரியா, பத்து ஹோசே. குடும்பப் பெயராகப் பலரும் பக்தியோடு தே லா குருஸ், தே லோஸ் சான்தோஸ் என்று வைத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப் பெயர். வரி வசூலிக்கப் போனால் யார் யார் என்று தெரியாது. கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளாவேரியா இதைப் பார்த்துச் சலித்துப்போய் 1849 நவம்பர் 21 அன்று ஓர் ஆணை போட்டார். குடும்பப் பெயர்களை அகரவரிசையில் தொகுத்த ஒரு பெரிய புத்தகம், கிட்டத்தட்ட 60,000 பெயர்கள். ஸ்பானியப் பெயர்களோடு உள்ளூர்ச் சொற்கள், செடிகொடிகள், தாதுக்கள், இடங்கள், தொழில்கள் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் பெயராகப் புகுந்தன. மாகாணத் தலைவர்கள் அதிலிருந்து பக்கங்களைப் பிரித்து ஊருக்கு ஊர் கொடுத்தனுப்பினார்கள். ஊருக்கு வந்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு குடும்பத் தலைவரும் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். விளைவு, அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் நகரில் பழைய குடும்பங்களின் பெயர்கள் இன்றும் ரகரத்தில் தொடங்குகின்றன. ஒரு தாளின் அச்சு 170 ஆண்டுகளாக ஊரின் வாக்காளர் பட்டியலில் தெரிகிறது.

எல்லாமே ஸ்பானியமாகவும் மாறிவிடவில்லை. மக்சாய்சாய் என்ற பெயரை நாம் விருதின் மூலம் அறிவோம், எம்.எஸ். சுப்புலட்சுமி 1974இல் பெற்றது. தகலோக்கில் அது ‘எடுத்துரைப்பது’ என்று பொருள்படும் வினைச்சொல். லக்சமானா என்ற குடும்பப் பெயரைக் கேட்டால் காது நிமிரும். மலாய் மொழியில் கடற்படைத் தலைவனைக் குறிக்கும் லக்சமானாதான் அது, அதற்கும் மூலம் ராமனின் தம்பி இலட்சுமணன்.

புத்தகம் குடும்பப் பெயரைக் கட்டிப்போட்டது. முதல் பெயரில் மக்கள் தங்கள் இஷ்டத்துக்கு விளையாடத் தொடங்கினார்கள். லூசோன், விசயாஸ், மிண்டனாவோ என்ற மூன்று தீவுக் கூட்டங்களையும் ஒட்டி லூஸ்விமிண்டா என்று பெண்ணுக்குப் பெயர் வைத்தார்கள். நாட்டின் வரைபடமே ஒரு பெண்ணின் பெயரில். 2010 முதல் 2016 வரை துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர் ஜெஜோமார் பினாய். இயேசு, யோசேப்பு, மரியா மூவரின் ஆங்கிலப் பெயர்களின் முதல் இரண்டு மூன்று எழுத்துகள். அவர் மகனும் ஜெஜோமார்தான், ஆகவே ஜுன்ஜுன். மரியா தெரேசா சேர்ந்தால் மாரிடெஸ். சில ஆண்டுகளாக இந்தப் பெயருக்கு ஒரு சோதனை. ‘மாரே (தோழி), என்ன லேட்டஸ்ட்?’ என்று கேட்பது தகலோக்கில் ஏறக்குறைய மாரிடெஸ் என்று ஒலிக்கும் என்று யாரோ கிளப்பிவிட, வம்பளப்பவர்கள் எல்லோருக்கும் அதுவே பொதுப்பெயராகிவிட்டது. நிஜமான மாரிடெஸ்கள் பாவம்.

பெயரைத் திருப்பிப் போடுவதும் உண்டு. பாரே என்றால் நண்பா, கொம்பாத்ரே என்ற ஸ்பானியச் சொல்லின் வால். அதைப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டினால் எராப். நடிகராக இருந்து 1998இல் குடியரசுத் தலைவரான ஜோசப் எஸ்த்ராடாவை நாடே எராப் என்றது. ஏழைகளின் நண்பன் என்று அவர் சொல்லிக்கொண்டதற்குப் பெயரே பிரசாரம் செய்தது. இன்றைய இளைஞர்கள் ஐடலைத் திருப்பி லோடி என்கிறார்கள். கொரியப் பாடகரோ அமெரிக்கக் கூடைப்பந்து வீரரோ, ரசித்தால் லோடிதான்.

இந்த விளையாட்டின் உச்சம் வெளிநாட்டு நட்சத்திரங்கள் தகலோக் அகராதிக்குள் நுழைந்த கதை. நன்னூல் குழூஉக்குறி என்று ஒன்றைச் சொல்கிறது. பொற்கொல்லர்கள் பொன்னைப் பறி என்பது போல ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல். மணிலாவின் அழகு நிலையங்களிலும் மேடைகளிலும் வேலை செய்த தற்பாலீர்ப்பு ஆண்களும் திருநங்கையரும் அப்படி ஒரு மொழியை வளர்த்தார்கள், அதற்கு ஸ்வார்ட்ஸ்பீக் என்று பெயர். அதில் பசிக்கு டாம் ஜோன்ஸ் என்று பெயர். வேல்ஸ் நாட்டுப் பாடகர் டாம் ஜோன்ஸ் பசிக்கு எப்படி வந்தார்? தகலோக்கில் பசி என்றால் குதோம். அதன் வாலில் டாம் ஒளிந்திருக்கிறார். விலை அதிகம் என்பது மஹால், ஆகவே அமெரிக்க நற்செய்திப் பாடகி மஹாலியா ஜாக்சன். மலிவு என்பது மூரா. மரியா கேரி சற்றே உருமாறி மூரியா கேரி ஆனார். மழை உலான். அலானிஸ் மாரிசெட் என்ற கனடியப் பாடகியின் பெயரோடு முட்டவைத்து, முன்னால் ஒரு ஜகரத்தையும் போட்டால் ஜுலானிஸ் மாரிசெட்.

2022 கடைசியில் பிலிப்பைன்ஸில் வெங்காயம் கிலோ 700 பேசோவைத் தொட்டு இறைச்சியைவிட விலை ஏறியது. அந்தக் கடைத்தெருவில் நின்று வெங்காயத்தைப் பார்த்து ‘மஹாலியா ஜாக்சன்!’ என்று பெருமூச்சு விடுவதைக் கற்பனை செய்யுங்கள். கேட்பவர் மூளை முதலில் ஒரு பாடகியைத் தேடும், வெங்காயத்துக்கும் அவருக்கும் தொடர்பு கிடைக்காமல் திணறும், பிறகு முதல் இரண்டு அசையில் மஹால் இருப்பது பொறிதட்டும். முரணும் அது அவிழும் கணமும் அடுத்தடுத்து வருவதுதான் சிரிப்பு. பெயரின் மிச்சப் பகுதி, அதாவது அந்த ஜாக்சன், பொருளுக்குச் சல்லிக்காசு பயனில்லாதது. ஆனால் அது இருப்பதால்தான் வெளியாளுக்குப் புரிவதில்லை. லண்டனின் கிழக்குப் பகுதித் தொழிலாளர்கள் எதுகையை வைத்து இதே போல ஒரு மறைமொழி பேசினார்கள். மணிலாவில் எதுகைக்குப் பதில் உள்ளே புதைத்த விதை. வெளியாட்கள் கற்றுக்கொண்டுவிட்டால் மறைமொழிக்கு மதிப்பில்லை, அதனால் சொற்கள் சீக்கிரம் தேய்ந்து புதியவை முளைக்கின்றன. டாம் ஜோன்ஸ் நீடித்தவர்களில் ஒருவர்.

கொரியத் தொடர்கள் 2000களில் மணிலா தொலைக்காட்சியில் தகலோக் பேசத் தொடங்கியபோது கதாபாத்திரங்களுக்கும் ஞானஸ்நானம் நடந்தது. ‘லவர்ஸ் இன் பாரிஸ்’ தொடரின் நாயகன் கி-ஜூ, பிலிப்பைன்ஸில் கார்லோ. நாயகி தே-யங், விவியன். முகம் சியோலைச் சேர்ந்தது, பெயர் மணிலாவின் பங்குக் கோவிலைச் சேர்ந்தது. பார்த்தவர்கள் அதை வினோதமாகவே நினைக்கவில்லை.

வாக்குச்சீட்டில்கூட இந்தப் பெயர்கள் ஏறிவிட்டன. வேட்புமனுவிலேயே செல்லப்பெயருக்கு இடம் உண்டு. 2022 மே மாதத் தேர்தலின் சீட்டில் ஃபெர்டினாண்ட் என்ற சொல்லைத் தேட வேண்டியதில்லை, ‘மார்கோஸ், போங்போங்’ என்று இருந்தது. குத்துச்சண்டை வீரர் எம்மானுவேல் பக்கியாவ் ‘மேனி பேக்மேன்’. அவர் நின்ற கட்சியின் சுருக்கப் பெயர் ப்ரோம்டி. பட்டிக்காட்டான் என்று கேலி செய்யும் சொல் அது. ‘ஃப்ரம் த ப்ராவின்ஸ்’ என்பதன் முதல் இரண்டு சொற்களைத் தகலோக் நாக்கு சொல்லும் விதம். காஃபியைக் காப்பி ஆக்கிய நமக்கு அந்த நாக்கின் கஷ்டம் தெரியும்.

வெளிநாட்டுப் பெரிய மனிதரின் பெயர் முதன்முதலில் அந்தத் தீவுகளுக்கு வந்தபோது இந்தக் கத்தரிக்கோல் அதன்மேல் படவில்லை. 1521 ஏப்ரல் 14 அன்று செபுவின் அரசர் ராஜா ஹுமபோனுக்கு மகெல்லனின் ஆட்கள் ஞானஸ்நானம் கொடுத்து, ஸ்பெயின் மன்னரின் பெயரையே வைத்தார்கள்: கார்லோஸ். அரசிக்கு மன்னரின் தாயார் பெயர், ஹுவானா. மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. ஏப்ரல் 27 அன்று மக்தான் கடற்கரையில் மகெல்லன் கொல்லப்பட்டார். மே 1 அன்று எஞ்சிய ஸ்பானியத் தலைவர்களை விருந்துக்கு அழைத்த அதே அரசர் அவர்களில் பலரைத் தீர்த்துக்கட்டினார். வரலாற்றுப் புத்தகத்தில் அவர் இன்றும் ஹுமபோன்தான்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு பிலிப்பைன்ஸ் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு தங்கம் வென்றார். திரையில் தெரிந்த பெயர் கார்லோஸ் யூலோ. மணிலாவில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ரகரத்தையும் சகரத்தையும் எடுத்துவிட்டு, வாலில் யகரத்தை ஒட்டி, கலோய் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.